‘வரணும்னுதான் இருந்தேன் சிஸ்டர்’: நினைவூட்டல் செய்தி அனுப்பும் வேலையில் கற்றுக்கொண்டவை

மகளிர் கிளினிக் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரவேண்டிய இளம் பெண்களுக்கு நினைவூட்டல் எஸ்எம்எஸ் அனுப்புவதும் என் பொறுப்புதான். யாருக்கு அனுப்புவது, என்ன எழுதுவது, எந்த நேரத்தில் அனுப்புவது, அதற்குப் பிறகு வரும் போன்களை எடுப்பது எல்லாம் இதில் சேரும். இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: “என்ன எழுதினா வருவாங்க?”

எழுத்தால் யாரையும் வரவழைக்க முடியாது என்பேன். பரிசோதனையே வேண்டாம் என்று இருப்பவர் ஓர் எஸ்எம்எஸ் படித்து மனம் மாறி நான் பார்த்ததில்லை. செய்தி கிடைத்ததும் போன் செய்பவர்கள் பேச்சைத் தொடங்கும் விதத்தைக் கேட்டாலே இது புரியும். “வரணும்னுதான் இருந்தேன் சிஸ்டர், தள்ளிப் போயிட்டே இருந்துச்சு.” அவர்களுக்கு விஷயம் தெரியும், வர விருப்பமும் உண்டு. நாள் மட்டும்தான் குறிக்கப்படவில்லை. நம் செய்தி இவர்களுக்கானது என்று ஏற்றுக்கொண்டால் அதில் என்ன எழுதவேண்டும், என்ன வேண்டாம் என்பதில் பாதி முடிவாகிவிடும்.

தள்ளிப்போடுவதற்காக யாரையும் குறை சொல்லவும் முடியாது. இந்த நோயின் போக்கு அப்படி. ஏறக்குறைய எல்லாக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும், உடலுறவு வழியாகத் தொற்றும் ஹெச்பிவி வைரஸ்தான் காரணம். அதைக் கண்டறிந்ததற்காக ஹரால்ட் ட்சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் தொற்றி, அது போகாமல் தங்கி, செல்கள் மாறி, புற்றுநோயாக வளரப் பொதுவாகப் பத்து, பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகும். இந்த நீண்ட இடைவெளியில்தான் பரிசோதனை வேலை செய்கிறது, மாற்றத்தை ஆரம்பத்திலேயே பிடித்துச் சரிசெய்துவிடலாம். அதே இடைவெளிதான் தள்ளிப்போடவும் வழி விடுகிறது. வலி இல்லை, அறிகுறி இல்லை. இருபத்தாறு வயதில், வேலை நாளில், லீவு போட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போக ஒரு காரணமும் தோன்றாது.

செய்தி அனுப்பினால் பலன் உண்டா என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். லண்டனின் ஹில்லிங்டன் பகுதியில் நடந்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. அங்கே அழைப்புக் கடிதம் எல்லோருக்கும் போனது. 24 முதல் 29 வயதுக்காரர்களில் ஒரு பிரிவுக்கு மட்டும், அவர்களுடைய குடும்ப டாக்டர் பெயரில் ஒரு குறுஞ்செய்தியும் போனது. செய்தி போகாத பிரிவில் சுமார் 26 சதவீதம் பேர் பரிசோதனைக்கு வந்தார்கள், போன பிரிவில் சுமார் 31 சதவீதம். ஐந்து புள்ளிதானா என்று தோன்றலாம். இவ்வளவு மலிவான ஒரு வேலைக்கு ஐந்து புள்ளி அதிகம் என்பது என் கணக்கு. ஆனால் செய்தி கிடைத்தவர்களிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அந்த ஆய்வுக் காலத்துக்குள் வரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டோம், கடமை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகிகளுக்கு இந்த இரண்டாவது பாதியைத்தான் நான் காட்டுவேன்.

சரி, என்ன எழுதுவது? தமிழில் அனுப்புகிறவர்களுக்கு முதல் தலைவலி இடம். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்துகள் கிடைக்கும். தமிழில் 70தான். அந்த 70-லும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ‘கி’ என்று எழுதினால் இரண்டு. ‘கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை’ என்று எழுதிப் பாருங்கள், 39 இடம் போய்விடும். எழுபதைத் தாண்டினால் செய்தி 67, 67 ஆக உடைந்து போகும். பெறுபவரின் போன் அதைச் சேர்த்து ஒன்றாகக் காட்டிவிடும், ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். நாலு வரி விளக்கம் எழுதி ஐந்து துண்டாக அனுப்புவதைவிட, இரண்டு துண்டுக்குள் சொல்ல முடிவதை மட்டும் சொல்லுங்கள். நாங்கள் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“வணக்கம் (பெயர்), டாக்டர் (பெயர்) கிளினிக்கிலிருந்து. உங்கள் செக்கப் முறை வந்துள்ளது. நேரம் குறிக்க 1 என்று அனுப்புங்கள்.”

பெயர்கள் நீளமாக இல்லாவிட்டால் இது இரண்டு துண்டில் அடங்கும். ஹெச்பிவி பற்றியோ, ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதன் நன்மை பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. ஏற்கெனவே வர நினைப்பவருக்கு அது தேவையில்லை. அவருக்கு வேண்டியது யார் அனுப்புகிறார்கள், என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டுதான். விவரம் வேண்டுபவர் கூப்பிடுவார், அப்போது நிதானமாகப் பேசலாம்.

டாக்டர் பெயரைப் போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. இன்று இளம் பெண்களின் போனில் வரும் எஸ்எம்எஸ்களில் பெரும்பகுதி விளம்பரமும் மோசடியும்தான். தெரியாத எண்ணிலிருந்து ஒரு லிங்க் வந்தால் தொடக்கூடாது என்று அவர்களுக்கு நாமேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அப்படிப்பட்டவருக்குப் புரியாத எழுத்துகளால் ஆன ஒரு குட்டி லிங்க்கை அனுப்பி, ‘இங்கே அழுத்தி நேரம் குறிக்கவும்’ என்றால் நம்பவே மாட்டார். அதனால் லிங்க்கைவிடப் பதில் அனுப்பும் முறையையோ, கிளினிக்கின் வழக்கமான போன் எண்ணையோதான் நான் விரும்புகிறேன். ஒரு எச்சரிக்கை: அனுப்புநர் இடத்தில் எண்ணுக்குப் பதிலாகக் கிளினிக்கின் பெயர் தெரியும்படி அனுப்பினால், அந்தச் செய்திக்குப் பெறுபவர் பதில் அனுப்ப முடியாது. ‘1 என்று அனுப்புங்கள்’ என்று எழுதும் முன் உங்கள் போனுக்கே ஒன்றை அனுப்பிப் பதில் போகிறதா என்று பாருங்கள்.

‘முறை வந்துள்ளது’ என்ற சொற்களும் சும்மா வந்தவை இல்லை. அமெரிக்காவில் கேத்தரின் மில்க்மன் குழுவினர் ஃப்ளூ தடுப்பூசிக்குப் பலவிதமான செய்திகளை அனுப்பி ஒப்பிட்டு 2021-ல் வெளியிட்டார்கள். அதில் நன்றாக வேலை செய்தது, ‘உங்களுக்காக ஒரு ஊசி ஒதுக்கி வைத்திருக்கிறோம்’ என்ற பொருளில் அமைந்த செய்தி. வேடிக்கையாகவும் உருக்கமாகவும் எழுதுவதைவிட, உன் இடம் தயார் என்று சொல்வதில் பலன் இருந்திருக்கிறது. எங்கள் அனுபவமும் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. ‘பரிசோதனை செய்துகொள்ளுங்கள்’ என்றால் அறிவுரை, ‘உங்கள் முறை வந்துள்ளது’ என்றால் தகவல். அறிவுரை கேட்கும் மனநிலையில் யாரும் எஸ்எம்எஸ் திறப்பதில்லை.

செய்தியில் நோயின் பெயரை எழுதாமல் ‘செக்கப்’ என்று விட்டதற்கு இடப் பற்றாக்குறையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. போன் பூட்டியிருந்தாலும் செய்தியின் முதல் வரி திரையில் தெரியும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்ப்பார், வீட்டில் சார்ஜ் போட்டிருக்கும்போது தம்பி பார்ப்பான். வேறொரு இடத்தில் பரிசோதனைக்குப் பதிவு செய்திருந்த ஒரு பெண் எங்களிடம் சொன்னது மறக்கவில்லை. அங்கிருந்து வந்த செய்தியில் கர்ப்பப்பை, புற்றுநோய் இரண்டும் முதல் வரியிலேயே இருந்திருக்கின்றன. அம்மா பார்த்துவிட்டு, “உனக்கு என்னடி ஆச்சு?” என்று அழத் தொடங்கிவிட்டார். வெறும் வழக்கமான சோதனை என்று புரியவைக்க ராத்திரி முழுக்க ஆனதாம். கல்யாணம் ஆகாத பெண்ணாக இருந்தால் கேள்வி வேறு திசையிலும் போகும். இந்தப் பரிசோதனை எதற்கு, அது யாருக்கு என்று அரைகுறையாகத் தெரிந்த உறவினர் ஒருவர் போதும், வீடே விசாரணைக் கூண்டாகிவிடும்.

ஆகவே எண்ணை வாங்கும்போதே மூன்று கேள்விகள் கேட்டுவிடுவோம். இது உங்களுடைய சொந்த எண்தானா? இதற்கு எஸ்எம்எஸ் அனுப்பலாமா? தமிழில் அனுப்பலாமா, வேறு மொழியிலா? முதல் கேள்விக்கு ‘வீட்டுக்காரர் நம்பர்’ என்றோ ‘அப்பா நம்பர்’ என்றோ பதில் வருவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அப்படியானால் அந்த எண்ணுக்கு எதுவும் போகாது, வேறு வழி கேட்டு வைத்துக்கொள்வோம். இனி செய்தி வேண்டாம் என்பவருக்கு நிறுத்தும் வழியும் இருக்க வேண்டும். நிறுத்தச் சொன்னவரின் பெயர் பட்டியலிலிருந்து அன்றைக்கே போக வேண்டும்.

பட்டியல் என்றதும் ஞாபகம் வருகிறது, இந்த வேலையில் மிகவும் சலிப்பானதும் மிகவும் முக்கியமானதும் அதைச் சுத்தம் செய்வதுதான். அறுவை சிகிச்சையில் கர்ப்பப்பையை வாயோடு சேர்த்து முழுவதும் எடுத்தவர்கள், போன மாதம் வேறு இடத்தில் பரிசோதனை முடித்தவர்கள், இப்போது கர்ப்பமாக இருப்பவர்கள், ஏற்கெனவே மேல் சிகிச்சையில் இருப்பவர்கள், இவர்களையெல்லாம் பிரித்தெடுக்காமல் அனுப்பினால் ஒரே நாளில் கிளினிக்கின் பெயர் கெடும். குழந்தையை இழந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண்ணுக்கு ‘உங்கள் முறை வந்துள்ளது’ என்று போனால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கம்ப்யூட்டர் தருகிற பட்டியலைக் கண்ணால் ஒருமுறை பார்ப்பவர் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

யாரிலிருந்து தொடங்குவது என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 25 வயதில் அழைக்கிறார்கள். உலக சுகாதார அமைப்பு பொதுவாக 30 வயதிலிருந்து பரிந்துரைக்கிறது, எச்ஐவி உள்ள பெண்களுக்கு 25. உங்கள் இடத்தில் என்ன விதியோ அதைப் பின்பற்றுங்கள். வயதுக்கு முன்பே அனுப்பி ஆர்வம் காட்ட வேண்டாம். சின்ன வயதில் ஹெச்பிவி தொற்று சகஜம், பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். அந்த வயதில் தேடித் தேடிக் கண்டுபிடித்தால் தேவையில்லாத சிகிச்சையில்தான் முடியும்.

எப்போது அனுப்பலாம் என்ற கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு கோட்பாடு வைத்திருக்கிறார்கள். என் விதி எளிது. நம் போன் எடுக்கப்படும் நேரத்தில் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கிளினிக் மூடும் நேரத்தில் செய்தி போனால், ‘சரி, இப்பவே குறிச்சிடலாம்’ என்று கூப்பிடுகிறவருக்கு யாரும் எடுக்காத மணிதான் கேட்கும். திங்கட்கிழமைக்குள் அந்த எண்ணம் போய்விடும். இதே காரணத்தால்தான் ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்புவதும் கூடாது. அடுத்த இரண்டு வாரத்தில் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்ற அளவில் பகுதி பகுதியாக அனுப்புகிறோம். ‘முறை வந்துள்ளது’ என்று சொல்லிவிட்டு, கூப்பிட்டவரிடம் ஒன்றரை மாதம் கழித்துத்தான் நேரம் இருக்கிறது என்றால் அதைவிட அனுப்பாமலே இருந்திருக்கலாம். வேலைக்குப் போகும் இளம் பெண்களுக்குக் காலை பத்து மணி இடத்தை எத்தனை கொடுத்தாலும் பயனில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் நாலு இடம் திறந்ததும் அவைதான் முதலில் நிரம்பின. செய்தியை மெருகேற்றும் நேரத்தில் பாதியை அட்டவணையை மாற்றச் செலவழித்தால் நல்லது என்று நிர்வாகத்திடம் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பயமுறுத்தி எழுதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பயம் வேலை செய்யும், மறுக்கவில்லை. பிரிட்டனில் தொலைக்காட்சியால் பிரபலமான ஜேட் கூடி, 27 வயதில் இந்தப் புற்றுநோயால் 2009-ல் இறந்தார். அவருக்கு நோய் கண்டறியப்பட்டதிலிருந்து மறைவு வரையிலான செய்திகளைப் பார்த்து, இங்கிலாந்தில் வழக்கத்தைவிட நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூடுதலாகப் பரிசோதனைக்கு வந்தார்கள். ஆனால் அந்த அலை சீக்கிரமே அடங்கி, வருகை பழையபடி சரிந்தது. ஒரு சாவு தந்த பயத்தை இரண்டு வரி எஸ்எம்எஸ்ஸில் வருடா வருடம் உண்டாக்க முடியாது, உண்டாக்கவும் கூடாது. குற்ற உணர்வைத் தூண்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. லண்டனில் சில மருத்துவமனைகளில், ‘நீங்கள் வராவிட்டால் இவ்வளவு பணம் வீண்’ என்று நினைவூட்டலில் எழுதியபோது வராமல் போனவர்களின் அளவு 11 சதவீதத்திலிருந்து 8 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாக 2015-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. அது ஏற்கெனவே நேரம் குறித்தவர்களுக்குப் பொருந்தலாம். கூச்சத்தால் தயங்கி நிற்கும் பெண்ணிடம் பணக்கணக்குப் பேசினால் அவர் அடுத்த முறை நம் எண்ணையே எடுக்க மாட்டார்.

கூச்சமும் பயமும் தீர்வது போனில்தான். செய்தி தோளைத் தட்டும், அவ்வளவுதான். திரும்பிப் பார்ப்பவரிடம் பேச ஆள் வேண்டும். எங்களுக்கு வரும் கேள்விகளில் முதலாவது, “வலிக்குமா?” வலிக்காது என்று ஒரேயடியாகச் சொல்வதில்லை. சிலருக்கு அசௌகரியமாக இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் வலிக்கும், சில நிமிடத்தில் முடிந்துவிடும், நிறுத்தச் சொன்னால் அந்த நொடியே நிறுத்துவோம் என்கிறேன். கர்ப்பப்பை வாயைப் பார்க்கப் பெண்ணுறுப்பில் வைக்கும் கருவிதான் ஸ்பெகுலம். அதில் சின்ன அளவு உண்டு, அதைக் கேட்டு வாங்கலாம். பெண் நர்ஸ்தான் வேண்டும் என்று சொல்லலாம், துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம். இதெல்லாம் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. “ஸ்பெகுலத்தை நானே வச்சுக்கலாமா சிஸ்டர்?” என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமா வச்சுக்கலாம்மா என்றதும் உடனே நேரம் குறித்தார்.

அடுத்த கேள்வி, “நான் ஊசி போட்டிருக்கேனே, அப்புறம் எதுக்கு?” ஹெச்பிவி தடுப்பூசி பெரிய பாதுகாப்புதான், ஆனால் புற்றுநோயை உண்டாக்கும் எல்லா வகை ஹெச்பிவியையும் அது தடுக்காது, போட்டவர்களும் பரிசோதனைக்கு வரவேண்டும். “இப்ப எனக்கு யாரும் இல்லையே” என்பவர்களும் உண்டு. பழைய தொற்று வருடக் கணக்கில் சத்தமில்லாமல் இருக்கக்கூடும் என்று விளக்குவோம். இதுவரை உடலுறவே இல்லாதவர் என்றால் ஆபத்து மிகக் குறைவு, வேண்டாம் என்று அவர் முடிவெடுத்தால் அதுவும் சரிதான். இந்த உரையாடலைப் பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படி ரிசப்ஷனில் நடத்தக்கூடாது. போன் எடுப்பவருக்கு இந்தப் பதில்களைச் சொல்லிக்கொடுங்கள், கதவு உள்ள அறையும் கொடுங்கள்.

நேரம் குறித்த பிறகு போகும் நினைவூட்டல் வேறு ரகம். அதில் நாள், நேரம், இடம், மாற்ற வேண்டுமானால் எண். அதோடு, மாதவிடாய் நாளில் விழுந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரு வரி. அந்த வரி இல்லாதபோது, அந்த நாளில் வரக்கூடாது என்று நினைத்து, சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள். பெண்ணுறுப்பில் வைக்கும் மருந்து, கிரீம் எதுவும் முந்தின இரண்டு நாள் வேண்டாம் என்பதை நேரம் குறிக்கும்போதே வாயால் சொல்லிவிடுகிறோம், செய்தியில் எழுதுவதில்லை.

முடிவுகளை மட்டும் எஸ்எம்எஸ்ஸில் விவரமாக அனுப்பாதீர்கள். ‘ஹெச்பிவி பாசிட்டிவ்’ என்று திரையில் பார்த்தால் பாதிப் பேர் புற்றுநோய் வந்துவிட்டது என்றும், மீதிப் பேர் துணைவர் துரோகம் செய்துவிட்டார் என்றும் நினைத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் அது ஆதாரமில்லை என்பதை நேரிலோ போனிலோ ஒருவர் சொல்ல வேண்டும்.

செய்தியால் பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செய்தி கிடைத்து வந்தவர்களை எண்ணிச் சந்தோஷப்பட்டால் ஏமாந்து போவோம், அதில் பலர் எப்படியும் வந்திருப்பார்கள். பட்டியலைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு இப்போதும் மறு பாதிக்குச் சில வாரம் கழித்தும் அனுப்புங்கள். அந்த இடைப்பட்ட வாரங்களில் இரண்டு பாதியிலும் எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்தால் செய்தியின் உண்மையான பங்கு தெரியும். எப்படியும் பகுதி பகுதியாகத்தானே அனுப்பப் போகிறோம், இதற்குத் தனிச் செலவும் இல்லை.

முதல் செய்திக்குப் பதில் வராதவருக்குச் சில வாரம் கழித்து இன்னொன்று அனுப்புகிறோம். அதற்கு மேல் அனுப்புவதில்லை. மூன்றாவது, நான்காவது செய்திகள் நிறுத்தச் சொல்லும் பதில்களைத்தான் கூட்டும். இரண்டுக்கும் அசையாதவரைத் தள்ளிப்போடுகிறவர் என்று நான் கணக்கில் வைப்பதில்லை, அவருக்கு வேறு காரணம் இருக்கிறது. ஒருமுறை போன் செய்து, வரச் சொல்லாமல், என்ன தடை என்று மட்டும் கேட்கிறேன். முன்பு எங்கோ பரிசோதனையில் வலித்தது என்பார்கள், அங்கே பேசிய விதம் பிடிக்கவில்லை என்பார்கள், உடம்பை இன்னொருவர் பார்ப்பதே முடியாது என்பார்கள். கடைசி வகையினருக்கு, தானே மாதிரி எடுத்துக்கொள்ளும் பரிசோதனை கிடைக்கும் இடங்களில் அதைச் சொல்லலாம். ஹெச்பிவி பரிசோதனைக்கு ஒரு பஞ்சுக் குச்சியால் பெண்ணே மாதிரி எடுக்கலாம், ஸ்பெகுலம் தேவையில்லை. உலக சுகாதார அமைப்பு அதை ஏற்றிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலையிலிருந்து, பரிசோதனை வயதில் இருக்கும் எல்லோருக்கும் அந்த வாய்ப்பு உண்டு. எதுவும் வேண்டாம் என்றால் அவருடைய பதிவில் குறித்துவிட்டு, அடுத்த சுற்று வரும்வரை தொந்தரவு செய்வதில்லை.